பட்டனை அழுத்தினால் ‘டக்’ மட்டும் கேட்கிறதா? ஸ்டெர்ன் டிரைவ் டிரிம் பம்ப்பில் மின் கோளாறு தேடும் முறை

ஞாயிறு மாலை. சிம்கோ ஏரிக்கரையில் படகை டிரெய்லரில் ஏற்ற நிற்கிறீர்கள். பின்னால் நாலு வண்டி வரிசையில் காத்திருக்கிறது. படகின் பின்னால் புரொப்பெல்லரைத் தாங்கி நிற்கும் டிரைவைத் தூக்கப் பட்டனை அழுத்தினால், இன்ஜின் பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். டிரைவ் அசையவில்லை. அப்படியே இழுத்தால் டிரைவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக் சிமென்ட் தரையில் உரசி உடையும்.

டொரொன்டோ பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் பழைய படகு வாங்கியிருக்கிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் இப்படி ஒரு மாலை வந்திருக்கிறது. உடனே, டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது பம்ப் வாங்கப் போகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பம்ப்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வயர் இணைப்புகளை. 10 நிமிடத்தில், ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். மின்சாரம் படிக்காதவர்களும் செய்யலாம்.

இங்கே நான் விளக்குவது மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் போன்ற டிரைவ்களில் இருக்கும் ஏற்பாடு: ஒரு ஹைட்ராலிக் பம்ப், அதன்மேல் ஒரு 12 வோல்ட் மோட்டார், பக்கத்தில் இரண்டு சோலனாய்டு (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்). மோட்டாரிலிருந்து மூன்று வயர் வரும். உங்கள் மோட்டாரில் இரண்டே வயர்தான் என்றால் அது பின்னால் வந்த வகை, ரிலே இணைப்பு வேறு மாதிரி இருக்கும். தேடும் முறை மட்டும் இதேதான். வால்வோ பென்டா 280 போன்ற பழைய டிரைவ்களில் ஹைட்ராலிக்கே கிடையாது, மின்மோட்டார் பல்சக்கரம் வழியாக நேரடியாகத் தூக்கும். அதற்கு இந்தக் கட்டுரை பாதிதான் உதவும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. இன்ஜின் பெட்டியின் அடியில் போய்த் தங்கும், தானாக வெளியே போகாது. நாம் செய்யப்போகும் சோதனைகளில் சின்னப் பொறி பறக்க வாய்ப்பு உண்டு. அதனால் மூடியைத் திறந்துவைத்து, ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோவரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் குனிந்து மோந்து பாருங்கள். லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தாலும் அன்றைக்கு வேலை வேண்டாம். முதலில் கசிவைத் தேடுங்கள்.

டிரைவ் தூக்கிய நிலையில் இருந்தால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது, கையையும் நுழைக்கக் கூடாது. பம்ப்பின் தடித்த வயர் பல படகுகளில் மெயின் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராக பேட்டரிக்குப் போகிறது. சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று நம்பி ஸ்பேனரை வைக்காதீர்கள். எதையாவது கழற்றுவதென்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிடுங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், நீளமான ஒரு வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த ஒரு ஜம்பர் வயர், ஒரு கெட்டியான ஊசி, உப்புத்தாள், பட்டனை அழுத்த ஒரு ஆள். ஊசி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மின்சாரம் போகும் இரண்டு வழிகள்

இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த அமைப்பில் ஒரு தடித்த வழியும் ஒரு மெல்லிய வழியும் இருக்கின்றன.

தடித்த வழி: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சிவப்பு கேபிள், அதிலிருந்து 110 ஆம்பியர் ஃபியூஸ் (சில பம்ப்களில் இது இருக்காது), அங்கிருந்து சோலனாய்டின் ஒரு பெரிய போல்ட், உள்ளே இருக்கும் செப்புத் தகடு, மறு பெரிய போல்ட், மோட்டார், கறுப்பு வயர், மறுபடி பேட்டரியின் நெகட்டிவ். மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரன்ட் முழுவதும் இதில்தான் ஓடுகிறது.

மெல்லிய வழி: சிவப்பு கேபிள் வரும் அதே போல்ட்டிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு சின்ன வயர் ஸ்டியரிங் பக்கம் பட்டனுக்குப் போகும். பட்டனை அழுத்தினால் அது திரும்பி வந்து சோலனாய்டின் சின்ன முனையைத் தொடும். சோலனாய்டு உள்ளே காந்தமாகி, தகட்டை இழுத்து, தடித்த வழியைத் திறக்கும். அந்த இழுப்புதான் ‘டக்’.

மெர்குரூசரில் வயரின் நிறம் நல்ல துணை. நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் மேலே, பச்சையில் வெள்ளைக் கோடு என்றால் கீழே, ஊதாவில் வெள்ளைக் கோடு என்றால் டிரெய்லர் பட்டன் (டிரெய்லரில் ஏற்ற டிரைவை முழுக்கத் தூக்குவது). கறுப்பு எர்த். பழைய படகில் முந்தைய உரிமையாளர் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கலாம், அதனால் நிறத்தை நம்பினாலும் வயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒருமுறை பாருங்கள்.

முதலில் காதை வையுங்கள்

பம்ப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், இன்னொருவர் பட்டனை அழுத்தட்டும். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை.

ஒரு ‘டக்’ கேட்டு அதற்குப் பிறகு அமைதி என்றால் மெல்லிய வழி நன்றாக இருக்கிறது. பட்டன், சின்ன ஃபியூஸ், நீளமான வயர்கட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம். கோளாறு தடித்த வழியில், பெரும்பாலும் சோலனாய்டின் தகட்டிலோ அதற்குப் பிறகு இருக்கும் பகுதியிலோ.

‘டக டக டக’ என்று விடாமல் அடித்தால் கோளாறு இரண்டு வழிகளும் பிரிவதற்கு முன்னால் இருக்கிறது: பேட்டரி, பேட்டரி முனை, மெயின் கேபிள், பொது எர்த். காரணம் எளிது. மோட்டார் கரன்ட் கேட்ட உடனே வோல்ட் படுத்துவிடுகிறது, அதனால் சோலனாய்டு பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் எழும்புகிறது, மறுபடி பிடிக்கிறது.

சத்தமே இல்லை என்றால் மெல்லிய வழியைப் பாருங்கள், அல்லது எங்குமே கரன்ட் இல்லை.

மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டும் டிரைவ் நகரவில்லை என்றால் அது மின் கோளாறே இல்லை. டிரைவை முழுக்கக் கீழே இறக்கிய நிலையில் பம்ப்பின் எண்ணெய் அளவைப் பாருங்கள். டிரிம் எண்ணெய் கையில் இல்லாவிட்டால் 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலை ஊற்றலாம்.

பேட்டரியைத் தாண்டிப் போகாதீர்கள்

இது சின்ன விஷயம், ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்டாரியோவில் அக்டோபரில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறோம், மே மாதம் திரும்பப் பூட்டுகிறோம். பேட்டரி போல்ட்டில் நாலைந்து லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடுக்கடுக்காக இருந்திருக்கும்: இன்ஜின், பில்ஜ் பம்ப், ரேடியோ, டிரிம். ஆறு மாதம் கழித்து எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது. டிரிம் பம்ப்பின் சிவப்போ கறுப்போ கீழே தொங்கிக்கொண்டிருக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆவதால் பேட்டரி சரி என்று நினைத்துவிடுவோம். ஒவ்வொரு லக்கையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் உங்கள் கோளாறு. காது வைத்த விங் நட்டுக்குப் பதிலாக ஸ்பேனர் போட்டு இறுக்கும் நட்டை வாங்கிப் பூட்டுங்கள்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. அதற்கும் கீழே என்றால் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி வாருங்கள்.

‘டக்’ கேட்கிறது, மோட்டார் சுற்றவில்லை

என் படகிலும் இதுதான் நடந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, மீட்டரை வைத்து 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கே வைத்தாலும் 12 இருந்தது. இரண்டு சோலனாய்டையும் மாற்றினேன். பணமும் ஒரு சனிக்கிழமையும் போயின, டிரைவ் அசையவில்லை.

எங்கள் படகுத்துறையில் படகு நிறுத்தியிருக்கும் பெரியவர் ஒருவர், வெகுகாலம் லாரிகளுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர், வந்து எட்டிப் பார்த்தார். “சும்மா இருக்கிறப்ப மீட்டர் வச்சா எல்லா வயரும் நல்ல வயர்தான் தம்பி. வேலை வாங்குறப்ப வச்சுப் பாருங்க” என்றார்.

அவர் சொன்னதை வாய்க்காலை வைத்து யோசித்தால் புரியும். நடுவில் குப்பை அடைத்திருக்கிறது, கடைமடை மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் மெல்லக் கசிந்து ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அடைப்பு இருப்பதே தெரியாது. கடைமடையைத் திறந்து பாருங்கள்: மேல் பக்கம் தண்ணீர் அப்படியே நிற்க, கீழ்ப் பக்கம் மளமளவென்று வற்றும். வயரும் அதேதான். பட்டனை அழுத்தாதபோது அரித்துப்போன இணைப்பும் 12 வோல்ட்டைக் காட்டும். அழுத்தினால்தான் இரண்டு பக்கத்துக்கும் இடையில் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை மீட்டரால் நேரடியாக அளக்கலாம்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு அளவையும் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போது மட்டும் எடுங்கள். மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது கரன்ட் அதிகம் இழுக்கும், அதனால் 2, 3 விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம்.

முதலில் பேட்டரியின் பாசிட்டிவ் போல்ட்டில் ஒரு முனை, சோலனாய்டுக்குக் கரன்ட் வந்து சேரும் பெரிய போல்ட்டில் மறு முனை. மீட்டரின் வயர் எட்டாது, அந்த நீளமான வயரை இதற்குத்தான் கொண்டுவரச் சொன்னேன். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் சிவப்பு கேபிளிலோ பெரிய ஃபியூஸின் முனையிலோ அடைப்பு. அந்த ஃபியூஸ் பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். அதன் இரண்டு பக்கமும் தனியாக அளந்து பாருங்கள்.

அடுத்து சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில். அழுத்தாதபோது 12 காட்டும், அது இயல்பு. அழுத்தியதும் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ‘டக்’ கேட்டும் 12 அப்படியே நின்றால் உள்ளே தகடு கருகிவிட்டது, சோலனாய்டை மாற்றுங்கள். மாற்றும்போது படகுக்கென்று செய்த, பொறி வெளியே வராத வகையையே வாங்குங்கள். காருக்கான சோலனாய்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் அதைப் பூட்டவே கூடாது.

கடைசியாக எர்த் பக்கம். மோட்டாரின் கறுப்பு வயரில் ஒரு முனை, பேட்டரியின் நெகட்டிவ் போல்ட்டில் மறு முனை. இதுவும் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

என் படகில் மூன்றுமே சரியாக இருந்தன. எர்த் பக்கம் 0.1தான் காட்டியது. பெரியவர் நான் மீட்டர் முனை வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “லக்ல வைக்காதீங்க, வயர்ல வையுங்க” என்றார். ஊசியைக் கறுப்பு வயரின் உறைக்குள், லக்குக்கு இரண்டு அங்குலம் மேலே, செம்பைத் தொடும்வரை குத்தி, மீட்டரை ஊசியில் வைத்தார். நான் பட்டனை அழுத்தினேன். 10.8. பேட்டரியில் 12.2 இருக்க, 10.8 வோல்ட் அந்த ஒரு சின்ன இடத்திலேயே தொலைந்துகொண்டிருந்தது. மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றரை வோல்ட்கூட இல்லை. நாலைந்து தடவை அழுத்தியதில் லக்கின் கழுத்து தொட முடியாத சூடு.

மேலே போட்டிருந்த கறுப்பு உறையைக் கத்தியால் கீறினோம். வெளியே துளி துரு இல்லாத லக்கின் உள்ளே பச்சைக் களிம்பு பொடியாகக் கொட்டியது. செம்பு இழைகளில் பாதி அறுந்து, மீதி கரிபோல இருந்தன. வெளிச்சம் போட்டுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஊசிக் குத்தை மறக்காதீர்கள்: ஒவ்வொரு அளவையும் லக்கில் ஒருமுறை, வயரில் ஒருமுறை எடுங்கள். சோதனை முடிந்ததும் குத்திய துளையைத் திரவ டேப் தடவி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகவே நீர் இறங்கும்.

எல்லா அளவும் சரி, மோட்டாரின் வயரிலும் முழு வோல்ட் வருகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் இப்போது மோட்டாரைச் சந்தேகப்படலாம். பல மோட்டார்களுக்குள் சூடேறினால் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. நிறைய அழுத்தியிருந்தால் ஆறும்வரை விட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், யாராவது பட்டனை அழுத்த, மோட்டாரின் உடம்பில் சுத்தியலின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இது டிரைவை ஒருமுறை தூக்கிக் கரையேற உதவும். பிரஷ்ஷை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

சத்தமே இல்லை

20 ஆம்பியர் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, அது உட்கார்ந்திருக்கும் பிடியையும் பாருங்கள். நீர் இறங்கிப் பிடி பச்சையாகியிருக்கும்.

ஃபியூஸ் சரி என்றால் நேராக சோலனாய்டுக்கு வாருங்கள். ஃபியூஸ் கோர்த்த ஜம்பர் வயரால், கரன்ட் வரும் பெரிய போல்ட்டிலிருந்து, நீல-வெள்ளை வயர் பூட்டிய சின்ன முனையைத் தொடுங்கள். டிரைவ் மேலே போனால் சோலனாய்டு, மோட்டார், எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு பட்டனுக்கும் இங்கேக்கும் நடுவில். கரையில் மாட்டிக்கொண்ட அந்த மாலையில் டிரைவைத் தூக்கவும் இதே வழிதான். புளோவரை ஓட்டிவிட்டுச் செய்யுங்கள்.

தொட்டும் சத்தம் வரவில்லை என்றால் சோலனாய்டின் மறு சின்ன முனையைப் பாருங்கள், அதுதான் அதன் எர்த். அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஒரு வயரைப் பிடித்துவிட்டு மறுபடி தொடுங்கள். இப்போது ‘டக்’ என்றால் எர்த் அறுந்திருக்கிறது. இல்லையென்றால் சோலனாய்டு போய்விட்டது.

பட்டன் பக்கம் வந்தால் முதல் சந்தேகம் திராட்டில் கைப்பிடிக்குள் ஓடும் வயர். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளும் ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கினால் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்துபோகும். பட்டனை அழுத்தியபடியே கைப்பிடியை மெல்ல நகர்த்துங்கள். ஒரு நிலையில் வேலை செய்து இன்னொரு நிலையில் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

கீழே போகிறது, மேலே வரவில்லை

இரண்டு சோலனாய்டும் ஒரே வகை என்பது இங்கே உதவுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டிப் பாருங்கள். கோளாறு இப்போது கீழ்ப்பக்கத்துக்கு இடம் மாறினால் சோலனாய்டுதான் காரணம்.

அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: டிரெய்லர் பட்டன் வேலை செய்கிறதா? ‘மேலே’ பட்டன் செத்திருக்க, டிரெய்லர் பட்டன் தூக்குகிறது என்றால் மற்ற எதையும் தொட வேண்டாம். ‘மேலே’ பட்டனின் கரன்ட் மட்டும் டிரிம் லிமிட் சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. அது டிரைவின் பக்கத்தில், நீரில் நனையும் இடத்தில் இருக்கிறது. படகு ஓடும்போது டிரைவ் அளவுக்கு மீறி வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலை. அதன் வயர்கள் நீருக்குள் இருந்து இறுகி வெடித்துவிடும்.

இன்ஜின் பெட்டிக்குள் டிரான்சம் (படகின் பின்சுவர்) ஓரமாக அந்தச் சுவிட்சின் இரண்டு வயரும் வந்து சேரும் இணைப்பைப் பிரித்து, படகுப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். ‘மேலே’ வேலை செய்தால் சுவிட்ச் போயிருக்கிறது. சோதனைக்காகத் தொடவிட்ட அந்த முனைகளை அப்படியே முறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். வேகத்தில் டிரைவ் தாங்கும் எல்லையைத் தாண்டினால் டிரைவைப் பிடித்திருக்கும் கிம்பல் ரிங் போகும், அதன் செலவு சுவிட்சைப்போலப் பல மடங்கு. சுவிட்ச் மாற்றும்வரை தூக்குவதற்கு டிரெய்லர் பட்டனை மட்டும், படகு நின்றிருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

டேஷ்போர்டில் டிரிம் மீட்டர் முள் மட்டும் அசையவில்லை என்றால் அது வேறு சமாச்சாரம். அதற்கு டிரைவின் நிலையை அளந்து அனுப்பும் தனி உணரி, தனி வயர். டிரைவ் ஏறி இறங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கையை எடுத்தும் மோட்டார் நிற்கவில்லை

அடிக்கடி வராது, வந்தால் யோசிக்க நேரமிருக்காது. சோலனாய்டின் தகடு உள்ளே ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். உடனே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்கான ஸ்பேனரைப் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே ஒரு கயிற்றில் கட்டிப் போடுங்கள்.

இணைப்பைத் திரும்பக் கட்டுவது

கண்டுபிடித்த கோளாறு அடுத்த வருடமே திரும்பி வருவது அவசரமாகக் கட்டிய இணைப்பால்தான். கறுத்த செம்பைச் சுரண்டி அதன்மேலேயே லக் வைக்காதீர்கள், களிம்பு இழைகளுக்குள் மேலே ஏறியிருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வயரை வெட்டுங்கள். என் படகில் நாலு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது, வயர் எட்டாமல் வெள்ளீயம் பூசிய புதுத் துண்டு சேர்த்தோம். வெள்ளீயம் பூசிய லக்கை அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், சாதாரணக் குறடு போதாது. மேலே, சூடாக்கினால் உள்ளே பசை உருகும் ஷ்ரிங்க் குழாய். பசை ஓரத்தில் துளி வெளியே வர வேண்டும், அப்போதுதான் நீர் புகாது. லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு இறுக்குங்கள். வீட்டு வயரிங்கில் செய்வதுபோல முறுக்கி டேப் சுற்றுவது படகில் ஒரு கோடைகூடத் தாங்காது.

டிரிம் பம்ப்பை ஓட்டிப் பார்க்கப் படகு தண்ணீரில் இருக்க வேண்டியதில்லை. மே மாதம் படகைக் கரைக்குக் கொண்டுபோகும் முன், வீட்டு வாசலிலேயே டிரெய்லரில் வைத்து, டிரைவுக்குக் கீழே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, சிவப்புப் பக்கமும் எர்த் பக்கமும் ஒருமுறை அளந்துவிடுவேன். இன்ஜின் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் வருடத்துக்கு ஒரு வரி எழுதி வருகிறேன். போன வருடம் எர்த் பக்கம் 0.1, இந்த வருடம் 0.3. இன்னும் டிரைவ் நன்றாகத்தான் தூக்குகிறது, ஆனாலும் அந்த லக்கை இந்தச் சனிக்கிழமை கழற்றப்போகிறேன்.